அந்த மணிச் சத்தத்தைக் குறைக்காதீர்கள்

நீலாய் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். நான் வேலையில் இருந்தபோது நாம் புதுப்பித்துக் கொடுத்த பழைய கார்ட்டூன் படம் ஒன்றை வீட்டுத் திரைகளுக்காக மறுபடியும் வெளியிடுகிறார்களாம். தமிழ் ஒலியில், ராஜகுமாரி கண் விழிக்கும் இடத்தில், ஒரு மணிச் சத்தம் காதைப் பிளக்கிறதாம். 'அந்தக் காலத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. குறைத்துவிடட்டுமா அக்கா?' என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

கவனிக்காமல் விட்டவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. ஒலிக்குப் பொறுப்பாக இருந்தவள் நான்தான். 'குறைக்க வேண்டாம்' என்று மட்டும் பதில் போட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. ஆனால் காரணம் சொல்லாமல் போட்ட தடையை அடுத்து வருகிறவர் முதல் வேலையாக எடுத்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். மென்பொருள் பற்றி என்னிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். கையால் வரைந்து வண்ணம் தீட்டிய வெளிநாட்டுப் படம். ஒரு கிழவியின் சாபத்தால் பனி மூடிய ஓர் ஊரே தூங்கிப்போகிறது. ராஜகுமாரியும் தூங்குகிறாள். படகோட்டி மகன் ஒருவன் பனியைக் கடந்து வந்து அவளுக்கு முத்தம் கொடுக்கிறான். அவள் விழிக்கிறாள், ஊரும் விழிக்கிறது. தேவதைக் கதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் நினைக்கும் எல்லாமே அதில் உண்டு.

அந்தப் படத்தை நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தவர், திரையையும் புரொஜெக்டரையும் வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றிய ஒரு படக்காரர். அவருக்கு இரண்டு சிக்கல்கள் இருந்தன. படத்தின் மொழி தோட்டத்தில் யாருக்கும் புரியாது. படத்தில் முத்தம் வேறு இருக்கிறது. குடும்பத்தோடு பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிற கூட்டம். முன்னால் நாற்காலியில் கோயில் கமிட்டி. முத்தக் காட்சி வந்தால் அடுத்த முறை வேனைத் தோட்டத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

மொழிச் சிக்கலை அவர் தீர்த்த விதம் எனக்குப் பிடிக்கும். கோலா பிலா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, தோட்டத்து ஆட்களையே பேச வைத்தார். பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்த சரோஜா என்ற பெண் கதையும் சொன்னார், ராஜகுமாரியாகவும் பேசினார். முத்தச் சிக்கலைக் கத்தரிக்கோலால் தீர்த்தார். வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டார்.

முத்தம் போய்விட்டது. அப்படியானால் ராஜகுமாரி எப்படி விழிப்பாள்? இதற்குத்தான் தோட்டத்து ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விடியும் முன் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்தால், செத்தவனைத் தவிர எல்லோரும் எழுந்துவிடுவார்கள். படகோட்டி மகன் ராஜகுமாரியின் அருகே வந்து "எந்திரி தாயி" என்கிறான். உடனே பெரட்டு மணி அடிக்கிறது. அவள் கண்ணைத் திறந்து, "ஐயையோ, பெரட்டு அடிச்சாச்சா? என்னைய ஏன் யாரும் எழுப்பல?" என்கிறாள்.

அந்த இடத்தில் திடல் முழுக்கச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். கொசுக்கடி தாங்க முடியாது, பாதிப் படத்தில் மழை வரும், படத்தின் முடிவை நான் பார்த்ததே மூன்றாவது முறைதான். ஆனால் சாபத்தை முறித்தது பெரட்டு மணிதான் என்று பெரியவளாகும் வரை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்தக் காரணத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

பல காலம் கழித்து, கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று அந்தப் படத்தை வீட்டில் பார்க்கும்படியாகப் புதுப்பித்துத் தரச் சொல்லி நம்மிடம் வந்தது. படச்சுருள் வெளிநாட்டிலிருந்து முழுசாக வந்தது. தமிழ் டேப் படக்காரரின் குடும்பத்திடம் பத்திரமாக இருந்தது. அந்தப் பழைய தமிழ் ஒலியும் வேண்டும் என்று ஆசைப்பட்டது நிறுவனத்தாரே. அவர்கள் சார்பில் எங்களோடு பேசியவர் தினேஷ். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் காடியை ஓட்டிக்கொண்டேதான் பேசுவார்.

டேப்பைச் சுத்தம் செய்யும் வேலையைப் பிரவினிடம் கொடுத்தேன். உங்களில் சிலருக்கு அவனைத் தெரிந்திருக்கும். கெட்டிக்காரன். நீலாயில் ஒரு தாமான் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன், தோட்டத்தைக் காடி ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவன். வேலையை முடித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னான்.

"அக்கா, ஒரு எடத்துல யாரோ சட்டிய கீழ போட்டுட்டாங்க போல. ரொம்பப் பெரிய சத்தம். சுத்தமா எடுத்துட்டேன்."

கேட்டுப் பார்த்தேன். 'எந்திரி தாயி' இருந்தது. பிறகு அமைதி. பிறகு 'பெரட்டு அடிச்சாச்சா?'

"அவ எதக் கேட்டுடா எந்திரிக்கிறா?" என்று கேட்டேன்.

"தெரியல கா. கதையே அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

அவன் எடுத்தது பிரதியிலிருந்துதான், மூலம் அப்படியே இருந்தது. அதனால் நான் கத்தவில்லை. எனக்கு வேலை பழக்கியவர் எங்களிடம் விடாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சத்தம் யாருக்குக் கேக்கணும்?" அதற்குப் பதில் தெரியாதவரை எந்தச் சத்தத்தையும் தொடவிட மாட்டார். அந்தக் கேள்வியைப் பிரவினிடம் கேட்டேன். பெரட்டு என்றால் என்ன என்றும் சொன்னேன். ராஜகுமாரி வேலைக்குப் போக வேண்டியவளா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, மணியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான்.

உண்மையான தலைவலி அதற்குப் பிறகு வந்தது. புதுப்பித்த படத்தில் முத்தம் இருக்கிறது. டேப்பில் அதற்கான இடமே இல்லை. மூல மொழியில் முத்தத்தின் மேல் ஒரு குரல் காதலின் பெருமையை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழில் அந்த முக்கால் நிமிடமும் வெறுமை. தினேஷ் போனில் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அந்த எடத்துல டெட் ஏர் வருது லா. பாக்கறவங்க டிவி கெட்டுப்போச்சுன்னு நெனைப்பாங்க. அத நெரப்ப முடியலன்னா பழைய டேப்பயே விட்டுடலாம். எங்ககிட்ட புது டப்பிங் ரெடியா இருக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லுங்க."

அதாவது, முக்கால் நிமிடம் நிரம்பவில்லை என்றால் சரோஜாவின் குரல் படத்தில் முழுவதுமாக இருக்காது. நிரப்ப வேண்டிய வரிகளையும் அவரே அனுப்பியிருந்தார். 'தூய அன்பின் முத்தம், உறக்கத்தின் விலங்குகளை உடைத்தெறிந்தது' என்று தொடங்கியது.

பிரவின் அன்று மத்தியானமே அதைச் செய்து முடித்தான். டேப்பில் இருந்த சரோஜாவின் பேச்சைக் கணினிக்குக் கொடுத்து, அந்தக் குரலிலேயே புது வரிகளைப் பேச வைத்துவிட்டான். அப்போது இது புதிது, உங்களுக்கு இன்று சாதாரணம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூச்சு வாங்குவதுகூட அப்படியே இருந்தது. எனக்கு முதலில் வியப்பு வந்தது. உடனே எரிச்சலும் வந்தது. ஏன் எரிச்சல் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

தினேஷுக்குப் போனிலேயே போட்டுக் காட்டினோம். "சூப்பர் லா! முடிஞ்சுபோச்சு வேல," என்றார்.

"அவங்கள ஒரு வார்த்த கேக்கணும்," என்றேன்.

"யாரைய?"

"பேசினவங்கள."

"ஆளு இருக்காங்களா மேடம்?"

பழைய டேப்பில் கேட்கும் குரல் என்றால் ஆள் போய்ச் சேர்ந்திருப்பார் என்று எல்லோரும் எப்படியோ முடிவு கட்டியிருந்தோம். தோட்டத்துப் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். காலை வணக்கப் படங்களுக்காக அதை எத்தனையோ முறை சபித்திருக்கிறேன். அன்று அதில் கேள்வியைப் போட்டேன். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: 'கார்ட்டூன் சரோஜாவா? ரஹாங்ல மக வீட்ல இருக்கு. நல்லாத்தான் இருக்கு.'

புதன்கிழமை நானும் பிரவினும் ரஹாங் போனோம். பழைய வரிசை வீடு. வாசலில் மஞ்சள் நிறப் பள்ளிக்கூட வேன். மகள் மேகலா அதை ஓட்டிப் பிழைக்கிறவர். கூடத்தில் சரோஜா உட்கார்ந்திருந்தார். முடிக்குச் சாயம் பூசியிருந்தார், கழுத்தில் துணி சுற்றியிருந்தார். எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த சில்வர் டம்ளரைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினார். சமையலறையிலிருந்து மேகலா "வந்துட்டேன்மா" என்று ஓடி வந்தார்.

"அம்மாவுக்குத் தொண்டையில கேன்சர் வந்துச்சு. ஆப்பரேஷன் பண்ணி குரல் எடுத்துட்டாங்க," என்று மேகலா சாதாரணமாகச் சொன்னார். "நாம பேசறதெல்லாம் நல்லா கேக்கும். அவங்க போன்ல டைப் பண்ணிக் காட்டுவாங்க. என்னையக் கூப்பிடணும்னா டம்ளருதான்."

நானும் பிரவினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால் பழைய டேப்பைக் கொண்டுவருவதாகப் போனிலேயே சொல்லியாயிற்று. பிரவின் லேப்டாப்பைத் திறந்து முதலில் பழைய டேப்பைப் போட்டான்.

'ஐயையோ, பெரட்டு அடிச்சாச்சா?' என்று பத்தொன்பது வயதுச் சரோஜாவின் குரல் கூடத்தில் கேட்டது. சோபாவில் இருந்த சரோஜா தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தேநீர்த் தட்டோடு நின்ற மேகலா அசையவில்லை. அம்மாவின் குரலை அவர் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் ஒரு பதிவுகூட இல்லையாம். கல்யாண வீடியோவில் இருந்ததையும் பாட்டுப் போட்டு மூடிவிட்டார்களாம்.

பிறகு பிரவின் செய்த பகுதியைப் போட்டோம். 'தூய அன்பின் முத்தம்…' சரோஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மேகலா தட்டைக் கீழே வைத்தார்.

"இத அம்மா எப்ப பேசினாங்க?"

"பேசல கா," என்றான் பிரவின். "நாங்க செஞ்சது."

"அப்ப எது வேணும்னாலும் பேச வைக்கலாமா?"

"வைக்கலாம் கா."

மேகலா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் தாழ்ந்துவிட்டது. "எம் பேரு சொல்லிக் கூப்பிட வைக்கிறியா தம்பி? 'மேகலா'ன்னு. ஒரே ஒரு தடவ."

பிரவினின் விரல்கள் ஏற்கெனவே விசைப்பலகையில் இருந்தன. அவனைக் குறை சொல்லமாட்டேன். அந்த முகத்தைப் பார்த்தால் நானே செய்திருப்பேன். ஆனால் என் கை தானாகப் போய் லேப்டாப்பின் மேல் விழுந்தது. "அம்மாவக் கேட்டுக்கலாம்," என்றேன்.

சரோஜா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டினார். எங்களிடம் காட்டவில்லை, மகளிடம் நீட்டினார். படித்துவிட்டு மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போன் சோபாவிலேயே கிடந்தது. அதில் இருந்தது இதுதான்: 'நான் இங்கதானே இருக்கேன்.'

அந்த வேலையில் எனக்கு அழுகை வந்த இடம் அது ஒன்றுதான். எரிச்சல் ஏன் வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. இருக்கிற ஒருவரை இல்லாதவராக்கிவிட்டு, அவருக்குப் பதிலாக நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

சரோஜா அதற்குள் அடுத்ததைத் தட்ட ஆரம்பித்திருந்தார். இம்முறை என்னிடம் காட்டினார். 'அது நான் இல்ல. இவ்ளோ சுத்தமா நான் எந்தக் காலத்துல பேசினேன்?' நான் படித்து முடிப்பதற்குள் போனைப் பிடுங்கி இன்னொன்றும் சேர்த்தார். 'முத்தம் குடுக்கறப்ப யாரு லா பேசுவா?'

பிரவின் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை, நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். அந்த இடம் நிரம்பாவிட்டால் பழைய டேப்பையே எடுத்துவிடுவார்கள், வேறு யாரோ பேசியதைப் போடுவார்கள், எப்படியும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும் என்றேன். சரோஜா போனை எடுத்தார். தட்டுவார், அழிப்பார். கடைசியில் காட்டினார்: 'என் குரல் இருக்கிறது அந்த டேப்புல மட்டும்தான். எடுக்காம இருந்தா நல்லது. ஆனா பொய் வேணாம்.'

திரும்பி வரும்போது, செரம்பான் சாலை நெரிசலில் காடி நின்றபோது, பிரவின் கேட்டான். "அவங்க சொல்றது கரெக்ட்தான கா? அந்த எடத்துல பேச்சு எதுக்கு?"

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெறுமை, வெறுமை என்று தினேஷ் சொன்னதை நாங்களும் பிடித்துக்கொண்டு, நிரப்புவதற்கு ஓடிக்கொண்டிருந்தோம். அலுவலகத்துக்குப் போய்ப் படத்தை மறுபடி போட்டோம். ஒலி இல்லாமல், படத்தை மட்டும் பார்த்தோம். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முத்தம் கொடுத்தவுடன் அவள் விழிக்கவில்லை. அவன் நிமிர்கிறான், காத்திருக்கிறான். அவள் முகம் அப்படியே இருக்கிறது. அவன் தலை தொங்குகிறது. வெளியே பனி விழுகிறது. அதற்குப் பிறகுதான் அவள் கண் திறக்கிறாள். வரைந்தவர்கள் நம் மனத்தைத் தவிக்க விடுவதற்காக வைத்த இடைவெளி அது. பெரட்டு மணிக்கென்றே விட்டுவைத்தது போல இருந்தது.

வியாழக்கிழமை தினேஷை நேரில் வரச் சொன்னோம். முத்தத்துக்கு, படச்சுருளோடு தனியாக வந்திருந்த வெளிநாட்டு இசையை மட்டும் வைத்தோம், பேச்சு இல்லை. அவன் தலை தொங்கியதும் மணி. உடனே சரோஜாவின் பழைய வரி. தினேஷ் பார்த்தார்.

"அப்ப முத்தம் வேல செய்யலயா மேடம்?"

"தோட்டத்துல யார முத்தம் குடுத்து எழுப்புனாங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு முகம் மாறியது. "எங்க கம்பெனி தவுக்கே என்ன சொல்வாருன்னு தெரியல. முத்தத்தால எழுந்தாள்னுதான் உலகம் பூரா தெரியும். நீங்க கதையவே மாத்துறீங்க."

"நாங்க மாத்தல. இந்தக் கத இங்க ஓடுனது இப்படித்தான். நீங்க கேட்டது பழைய தமிழ் ஒலி. அதோட உயிரே இந்த மணிதான். இது வேணாம்னா முழுசா எடுத்துருங்க. பாதிய வச்சுகிட்டு மீதிய பொய்யா செய்யச் சொல்லாதீங்க. பேசினவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

நான் சொன்னது பெரிய சூதாட்டம் என்பது எனக்குத் தெரியும். 'சரி, எடுத்துவிடுங்கள்' என்று அவர் சொல்லியிருந்தால், சரோஜாவிடம் போய்ச் சொல்ல என்னிடம் எதுவும் இருந்திருக்காது. பிரவின் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தினேஷ் வெளியே போய் யாருடனோ வெகுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார்.

"திங்கக்கெழம வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். அந்த அம்மா வந்து முழுசா பாத்து ஓக்கே சொல்லணும். ஆனா மேடம், அந்த மணி சரியில்ல. டம்ளர்ல கரண்டி பட்ட மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரிதான். டேப்பில் படகோட்டி மகனின் 'தாயி' முடிவதற்குள் மணி விழுந்துவிடும். இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு முத்தம் இருப்பதால் அவற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தபோது குரல் தப்பித்தது, மணியின் கனம் போய்விட்டது. வேறு மணிச் சத்தம் வாங்கிப் போடலாம் என்று பிரவின் சொன்னான், சொன்னவுடனே தானே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். மேகலாவுக்குப் போன் செய்து கேட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அந்தத் தண்டவாளம் இன்னும் இருக்காம். ஆபீஸ் மூடுனப்ப கோயில்காரங்க எடுத்து மரத்துல மாட்டிட்டாங்களாம். அம்மா தானே வந்து அடிக்கிறேன்னு சொல்றாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மேகலாவின் பள்ளிக்கூட வேனிலேயே போனோம். தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வேலையாட்களின் லய வீடுகள் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. கோயில் மட்டும் புது வண்ணத்தோடு இருக்கிறது. தண்டவாளத் துண்டு வேப்ப மரத்தில் தொங்கியது. அதற்கும் யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். சாலையில் மோட்டார் வண்டிகள் போவது நிற்கும்வரை காத்திருந்தோம். பிரவின் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்து, மெதுவாகத் தலையசைத்தான்.

சரோஜா கம்பியை இரண்டு கையாலும் பிடித்து அடித்தார். மெலிந்த உடம்பு, அவ்வளவு பலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பிரவின் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். கோயிலுக்குள் இருந்து பூசாரி எட்டிப் பார்த்தார். செம்பனைக்குள் எங்கோ நாய் குரைத்தது. அடங்குகிறவரை நாங்கள் அசையாமல் நின்றோம். அடங்க நெடுநேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை தாயும் மகளும் நீலாய் வந்தார்கள். தினேஷும் வந்தார். பெரிய திரை இருக்கும் அறையில் படத்தை முதலிலிருந்து போட்டோம். சரோஜா முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். தன் குரல் கதை சொல்லும்போதெல்லாம் உதடு கூடவே அசைந்தது. மேகலா படத்தைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தம் வந்தது. இசை மட்டும் ஒலித்தது. படகோட்டி மகன் நிமிர்ந்தான், காத்திருந்தான், தலையைத் தொங்கவிட்டான்.

மணி அடித்தது. 'ஐயையோ, பெரட்டு அடிச்சாச்சா? என்னைய ஏன் யாரும் எழுப்பல?'

தினேஷ் கை தட்டினார். மேகலா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "எங்க அம்மாதான். காலையில என்னையத் திட்டறப்ப இதே குரல்தான்," என்றார். நான் சரோஜாவைப் பார்த்தேன். அவர் முகம் சுளித்திருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் வேண்டாம் என்றால் அவ்வளவுதான், புது டப்பிங் தயாராக இருந்தது. அவர் போனை எடுத்தார். தட்டினார். என்னைத் தாண்டி, நேராகப் பிரவினிடம் நீட்டினார்.

'நான் இவ்ளோ மெதுவாவா அடிச்சேன்?'

பிரவின் முகம் சிவந்தான். வீட்டில் பார்ப்பவர்களுக்கு உறுத்தக்கூடாது என்று, நம் எல்லோருக்கும் பழக்கமான வழக்கப்படி, அவன் மணியைக் குறைத்து வைத்திருந்தான். அதைத் தொழில் முறையில் விளக்க ஆரம்பித்தான். சரோஜா கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒலியைக் கூட்டும்படி விரலை மேலே காட்டினார். அவன் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் காட்டினான். விரல் இன்னும் மேலே போயிற்று. கூட்டினான். அறைச் சுவர் அதிர்ந்தது. தினேஷ் காதில் கை வைத்தார். விரல் இறங்கவில்லை. இன்னொரு முறை கூட்டியபோதுதான் அவர் சாய்ந்து உட்கார்ந்து தலையசைத்தார்.

அந்தத் தலையசைப்பில் நின்ற அளவில்தான் அந்த மணி இன்றும் இருக்கிறது. இந்தச் சத்தம் யாருக்குக் கேட்க வேண்டும் என்று அடுத்து யாராவது உங்களிடம் கேட்டால், சரோஜாவுக்கு என்று சொல்லுங்கள். அவர் இன்னும் ரஹாங்கில்தான் இருக்கிறார். புது வெளியீட்டை வாங்கிப் போட்டுப் பார்க்காமல் இருக்கமாட்டார்.